தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்ச ரொட்டி

கேள்வி: மேடம், நான் திருநெல்வேலிப் பொண்ணு, கல்யாணமாகி இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுல இருக்கேன். வீட்டுக்காரர் போலிஷ் குடும்பம், இங்கயே பொறந்து வளர்ந்தவர். அவரோட அப்பாவைப் பெத்த பாட்டி, பாப்ச்யான்னு கூப்பிடுவோம், 2025 மார்ச்ல 94 வயசுல தவறிட்டாங்க. கடைசி ஆறு வருஷம் நான்தான் அவங்க பக்கத்துல அதிகமா இருந்தேன், மொபைல்ல 11 ரெக்கார்டிங் இருக்கு. இப்ப எல்லாரும் அவங்க வாழ்க்கையை என்னையே எழுதச் சொல்றாங்க. வெளியில இருந்து வந்தவ நான், எழுதலாமா? இவரோட அத்தை, அதாவது பாப்ச்யாவோட மூத்த பொண்ணு, பட்டினி சைபீரியா எல்லாம் எழுதாதே, எங்கம்மா கௌரவமா வாழ்ந்தவன்னு சொல்றாங்க. கடைசி வருஷம் கேர் ஹோம்ல ரொட்டியைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சாங்க, நர்ஸை "பானி, பானி"ன்னு கூப்பிட்டாங்க, வாழைமரம் பத்திப் பேசினாங்க, குழப்பம்னு ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க. இந்தியா வழியா வந்தவங்கன்னு மட்டும்தான் வீட்ல தெரியும். ஆவணங்கள்ல பொறந்த வருஷமும் ரெண்டு விதமா இருக்கு. இன்னொண்ணு, ஒருநாள் போனை ஆஃப் பண்ணச் சொல்லிட்டு தம்பியைப் பத்தி ஒரு விஷயம் சொன்னாங்க. அதை எழுதலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, தம்பி பத்தி பாப்ச்யா சொன்னதை நீங்க எனக்கு எழுதியிருந்தீங்க இல்லையா, அந்த நாலு வரியை மேல இருக்கிற கேள்வியில இருந்து நான் எடுத்துட்டேன். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

குடும்ப நினைவுகளைப் பதிவு பண்ணி ஆவணமா சேர்த்து வைக்கிறது என் தொழில், இருபது வருஷமா இதைத்தான் செய்றேன். எழுதலாமான்னு கேட்டீங்க. தாராளமா எழுதலாம், நீங்கதான் எழுதணும்னே சொல்லுவேன். சொந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்லாததை மருமகள்கிட்ட, பேரன் பொண்டாட்டிகிட்ட சொன்ன பாட்டிங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். பெத்த பிள்ளை அழுதா தாங்காது, அதனால சொல்ல மாட்டாங்க, ஆனா கொஞ்சம் தள்ளி வந்த ஒருத்தி பக்கத்துல உக்காந்து பொறுமையா கேட்டா வாய் திறக்கும். நீங்க வளையல் போட்டிருந்ததைப் பாத்து கையைப் பிடிச்சு சிரிச்சாங்கன்னு எழுதியிருந்தீங்களே, உங்ககிட்ட மட்டும் வந்த பேச்சு அங்கதான் ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

முதல்ல அந்த "குழப்பம்" விஷயம். நீங்க அனுப்பின போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். யூனிஃபார்ம் போட்ட பத்துப் பதினஞ்சு பொண்ணுங்க, பின்னால நீளமா ஒரு கட்டடம், கீழ கல்லு மேடை, சுவருக்குப் பதிலா மூங்கில் பாய், மேல ஓடு, ஓரத்துல வாழை இலை. எனக்குத் தெரிஞ்சு இது வாலிவாடே. மகாராஷ்டிராவுல கோல்ஹாப்பூருக்குப் பக்கத்துல 1943ல போலந்து அகதிகளுக்காக ஆரம்பிச்ச முகாம், கிட்டத்தட்ட 5000 பேர் இருந்தாங்க, பெரும்பாலும் பெண்களும் குழந்தைங்களும், பள்ளிக்கூடம், சர்ச், ஆஸ்பத்திரி, சாரணர் படைன்னு ஒரு சின்ன போலிஷ் ஊரே அங்க இருந்துச்சு, 1948 வரைக்கும். அங்க 12, 13 வயசுல ஒரு பொண்ணு தண்ணி கேக்கக் கத்துக்கிட்டிருக்கக்கூடிய வார்த்தை "பானி". போலிஷ்லயும் "பானி"ன்னா மேடம்னு அர்த்தம். ஞாபக மறதி நோய்ல நேத்து நடந்தது முதல்ல போகும், சின்ன வயசு முன்னால வந்து நிக்கும். நர்ஸை மேடம்னு கூப்பிட்டிருக்கலாம், இல்ல தாகம் எடுத்து தண்ணி கேட்டிருக்கலாம், எப்படின்னாலும் பாப்ச்யா தப்பா எதுவும் பேசல, அவ்வளவுதான். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்குது. தண்ணிங்கிற அர்த்தத்துல அந்த வார்த்தை புரியிற ஒரே ஆள் அந்த வீட்ல நீங்கதான் இருந்திருக்கீங்க.

ஒரு எச்சரிக்கை, நெட்ல தேடினா உங்களுக்கு முதல்ல வர்றது ஜாம்நகர் மகாராஜா கதைதான். திக்விஜய்சிங்ஜி, போலந்துல "நல்ல மகாராஜா"ன்னு சொல்றவர், பாலாச்சடியில போலந்துக் குழந்தைங்களுக்கு இடம் குடுத்தவர். பெரிய மனுஷர்தான், ஆனா அது குஜராத்துல வேற முகாம். அழகான கதையா இருக்குன்னு அதை பாப்ச்யா வாழ்க்கையில கொண்டுபோய் ஒட்டிடாதீங்க, நிறையப் பேர் ஒட்டியிருக்காங்க. வார்சாவுல ரெண்டுக்கும் தனித்தனி நினைவுச்சின்னம் இருக்கு, 2024 ஆகஸ்ட்ல நம்ம பிரதமர் போனப்ப ரெண்டு இடத்துலயும் அஞ்சலி செலுத்தினார். கோல்ஹாப்பூர் பேர்ல இருக்கிறதுதான் உங்க பாப்ச்யாவோடது.

இனி அந்த ரொட்டி. 1940 பிப்ரவரி 10 ராத்திரி, சோவியத் பிடிச்சு வச்சிருந்த கிழக்கு போலந்துல, இன்னிக்கு அந்தப் பக்கம் உக்ரைன், பெலாரஸ்னு ஆயிடுச்சு, சோவியத் போலீஸ் வீடு வீடாத் தட்டி குடும்பம் குடும்பமா ஏத்தினாங்க. முதல் சுத்துல முக்கியமா அரசாங்கம் நிலம் குடுத்துக் குடியேத்தின பழைய சிப்பாய்ங்க குடும்பமும், காட்டு இலாகாவுல வேலை பாத்தவங்க குடும்பமும். சில வீட்ல மூட்டை கட்ட அரைமணி நேரம்தான். சரக்கு ரயில் பெட்டி, நடுவுல ஒரு இரும்பு அடுப்பு, தரையில ஒரு ஓட்டை, அதுதான் கக்கூஸ், அப்படியே வாரக்கணக்குல வடக்கே அர்கான்கெல்ஸ்க் பக்கமும் சைபீரியாவுக்கும். 1941 ஜூன் வரைக்கும் இப்படி நாலு சுத்து நடந்துச்சு, சோவியத் ஆவணங்கள் கணக்குப்படியே 3 லட்சத்துக்கு மேல. பாப்ச்யாவுக்கு அப்ப 9 வயசு. காட்டுல மரம் வெட்டுற முகாம்ல ரொட்டி அளந்துதான் குடுப்பாங்க, வேலை செய்றவங்களுக்கு அதிகம், குழந்தைங்களுக்குக் கம்மி. அந்த அளவுல ஒரு துண்டை ராத்திரிக்குன்னு எடுத்து வைக்கக் கத்துக்கிட்ட கை அது. 85 வருஷம் கழிச்சும் மறக்கல. கேர் ஹோம்ல தினம் சுத்தம் பண்ணி எடுத்துப் போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கு யாரும் சொல்லல. நீங்க எழுதுறது இதுக்காகவாவது வேணும்னு தோணுது.

ஆனா இதுலதான் அத்தை சொல்றதை நான் பாதி ஒத்துக்கறேன். பாதின்னா நிஜமாவே பாதி. 94 வருஷத்துல நாடு கடத்தல், முகாம் எல்லாம் சேர்த்து எட்டு வருஷம். பிராட்ஃபோர்டுல 77 வருஷம். எழுத உக்காந்தா எல்லாரும் அந்த எட்டு வருஷத்துக்குத்தான் முப்பது பக்கம் எழுதுறாங்க, மிச்சத்துக்கு "பிறகு திருமணம் செய்து நான்கு பிள்ளைகளைப் பெற்று அமைதியாக வாழ்ந்தார்"னு ஒரே வரி. அத்தைக்குத் தெரிஞ்ச அம்மா அந்த ஒரே வரிக்குள்ளதானே இருக்காங்க? கம்பளி மில்லுல 31 வருஷம் தறிச் சத்தத்துல நின்னு காது மந்தமாகி, வீட்லயும் கத்திப் பேசின அம்மா, சனிக்கிழமை காலைல தூக்கக் கலக்கத்துல இருக்கிற பிள்ளைங்களை போலிஷ் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போன அம்மா, சர்ச் நிதிக்கு ராத்திரி முழுக்க பீரோகி, அதாவது போலிஷ் கொழுக்கட்டை, மடிச்ச அம்மா. அது எழுதாம விட்டா அத்தைக்குக் கோவம் வர்றது நியாயம்தான்.

அதனால சைபீரியாவுல ஆரம்பிக்காதீங்க. உங்க கடிதத்துல ஒரு இடம் இருக்கு, அங்க ஆரம்பிங்க: முழு ரொட்டியை வெட்டுறதுக்கு முன்னாடி திருப்பிப் பிடிச்சு, கத்தி முனையால அடிப்பக்கம் சிலுவை போட்டுட்டு, நெஞ்சோட அணைச்சு வெட்டுவாங்க, அப்புறம் ஆள்காட்டி விரலை எச்சில்ல நனைச்சு மேசையில கிடக்கிற துணுக்கை ஒவ்வொண்ணா ஒத்தி எடுப்பாங்கன்னு. அந்தச் சிலுவை போடுறது போலந்துல பழைய வழக்கம், கீழ விழுந்த ரொட்டியை எடுத்து முத்தம் குடுக்குறதும் உண்டு, நாம சோத்துல கால் பட்டா தொட்டுக் கும்பிடுற மாதிரி. துணுக்கை ஒத்தி எடுத்தது மட்டும் அவங்க சொந்தப் பழக்கம். ஒரே மேசையில ஊர் வழக்கமும் இருக்கு, அந்த எட்டு வருஷமும் இருக்கு, பிராட்ஃபோர்ட் சமையல்கட்டும் இருக்கு. அன்பானவர், பக்தியானவர், தியாகத்தின் சிகரம்னு எழுதவே வேண்டாம், நம்ம ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல எல்லாப் பாட்டிக்கும் அதே மூணு வார்த்தைதான். (போலந்துலயும் இறந்தவங்க பேரை அச்சடிச்சு சர்ச் வாசல்லயும் சுவர்லயும் ஒட்டுற பழக்கம் உண்டு, க்ளெப்ஸித்ரான்னு பேரு, உங்க பொண்ணுக்கு சொல்லுங்க, ரெண்டு பக்கத்து பாட்டி ஊர்லயும் ஒரே வழக்கம்னு சந்தோஷப்படுவா.)

பக்தி பத்தி எழுதணும்னா ஜெபமாலை எத்தனை மணிக்கு, யார் யார் பேரைச் சொல்லி வேண்டினாங்கன்னு எழுதுங்க. ரெக்கார்டிங்ல பின்னால முணுமுணுப்பு மாதிரி கேக்குதுன்னு சொன்னீங்களே, அது தொந்தரவு இல்ல, வெட்டிடாதீங்க.

பொறந்த வருஷம். பிரிட்டன்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு போலீஸ் குடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் புக்ல 1929, கல்லறையில 1930. கையில சர்டிஃபிகேட் இல்லாம அஞ்சு நாடு தாண்டின குழந்தை, ஒவ்வொரு முகாம்லயும் ஒரு குமாஸ்தா, வாயால சொன்னதை எழுதியிருப்பான், ரஷ்ய எழுத்துல ஒருதடவை, இங்கிலீஷ்ல ஒருதடவை. அக்கா தங்கச்சியைப் பிரிச்சுடக் கூடாதுன்னு வயசை மாத்திச் சொன்ன குடும்பமும் நிறைய. எது சரின்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, ரெண்டையும் எழுதி எது எங்க இருக்குன்னு போடுங்க. போலிஷ்காரங்களுக்கு, அதுவும் அந்தத் தலைமுறைக்கு, பொறந்தநாளைவிட பேர் கொண்ட புனிதரோட திருநாள்தான் பெருசு, அந்தத் தேதியில சந்தேகமே இருக்காது.

தேடுறதுக்கு இடம் இருக்கு. அந்த போலீஸ் புக்கை ஒரு பக்கம் விடாம படிங்க, வீடு மாறினது, வேலை மாறினது எல்லாம் முத்திரையோட இருக்கும், எந்த வருஷம் எந்த முகாம்ல இருந்து பிராட்ஃபோர்ட் வந்தாங்கன்னு அதுலயே கிடைக்கும். 1947–48ல இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்தவங்க பேர், லண்டன் க்யூ பகுதியில இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல பி.டி. 26ங்கிற பயணிகள் பட்டியல் வரிசையில தேடலாம், அது 1960 வரைக்கும் இருக்கு. வார்சாவுல கர்தா மையம் சோவியத்ல ஒடுக்கப்பட்டவங்க பேரைப் பட்டியலா தொகுத்திருக்காங்க, அப்பா பேர், பொறந்த வருஷம், எங்க அனுப்பினாங்கன்னு சில பேருக்குக் கிடைக்கும். லண்டன்ல போலந்து ஆவணங்களை வச்சிருக்கிற சிகோர்ஸ்கி மியூசியம் இருக்கு, அங்கயும் எழுதிக் கேளுங்க. கிழக்குப் பக்கத்து சர்ச் பதிவேடுகள்ல தப்பிச்ச பல புத்தகங்கள் இப்ப வார்சாவுலதான் இருக்கு, நூறு வருஷத்துக்குள்ள உள்ளது அங்க ஒரு பதிவு அலுவலகத்துல, அதைவிடப் பழசு அகாட் (AGAD)ங்கிற மத்திய ஆவணக் காப்பகத்துல. தேடும்போது ஒண்ணு மறக்காதீங்க, ஆம்பளைக்கு -ஸ்கின்னு முடியிற பேர் பொம்பளைக்கு -ஸ்கான்னு முடியும், இங்கிலாந்து குமாஸ்தா சில சமயம் ரெண்டு பேருக்குமே -ஸ்கின்னு எழுதியிருப்பான். அதுவும் போக அவங்க கல்யாணத்துக்கு முந்தின பேர்ல தேடணும்.

பாப்ச்யாவோட அப்பா எங்க போனார்னு பேரன் கேக்குறாரே, அதுக்கும் வழி இருக்கு. 1941ல ஜெர்மனி சோவியத்தைத் தாக்கின பிறகு ஜூலை கடைசியில ஒப்பந்தம் போட்டு போலந்துக்காரங்களை விடுதலை பண்ணாங்க, அதுக்கு "மன்னிப்பு"ன்னு பேர் வச்சாங்க, ஒன்பது வயசுக் குழந்தை என்ன குத்தம் பண்ணிச்சுன்னு எனக்கு இன்னிக்கும் புரியல. போலந்து ஜெனரல் ஆண்டர்ஸ் படை திரட்டினார், ஆம்பளைங்க அதுல சேர, குடும்பங்கள் பின்னாலயே தெக்கே உஸ்பெகிஸ்தானுக்கு வந்துச்சு, அங்க குஸார்னு ஒரு ஊர், டைபாய்டும் டைஃபஸும் வந்து செத்தவங்க அவ்வளவு பேர். பாப்ச்யா அம்மாவைப் புதைச்சது அங்கதான்னு நீங்க எழுதியிருக்கீங்க. 1942ல காஸ்பியன் கடல் தாண்டி பாஹ்லவி துறைமுகம் வழியா ஈரானுக்கு லட்சத்துக்கு மேல ஆளுங்க வந்தாங்க, கரையிலயே பேன் புழுத்த துணியை எரிச்சு தலையை மொட்டை அடிச்சாங்க. அங்க இருந்து கராச்சி, அப்புறம் வாலிவாடே. அப்பா படையோட இத்தாலிக்குப் போய் 1944 மே மாசம் மான்டே கசினோவுல சண்டை போட்டிருக்கார்னா, படைப் பதிவு கட்டாயம் இருக்கும். சண்டையில ஜெயிச்சும் ஊருக்குப் போக முடியல, 1945ல யால்டாவுல நேச நாட்டுத் தலைவர்கள் கூடி அவங்க ஊரையே சோவியத்துக்குக் குடுத்துட்டாங்க. 1947ல பிரிட்டன்ல தனிச் சட்டம் போட்டு இவங்களைக் குடியேத்தினாங்க, 1951 கணக்கெடுப்புல போலந்துல பொறந்தவங்க 1,62,000க்கு மேல. இந்தப் பத்தியில உள்ளதை எல்லாம் நீங்க எழுத வேண்டியதில்ல, பாப்ச்யா வாயில வந்ததுக்கு ஏத்த இடத்துல ஒரு வரி போதும்.

ரெக்கார்டிங் விஷயத்துல மட்டும் இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிருந்தா அதை நம்பாதீங்க, போன்ல இருக்கிற ஒரிஜினல் ஃபைலை அப்படியே காப்பி பண்ணி கம்ப்யூட்டர்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேற வீட்ல ஒண்ணு வைங்க, ஃபைல் பேர்லயே தேதி போடுங்க. போட்டோ பின்னால பென்சில்ல லேசா எழுதலாம், பேனா வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செலோடேப் ஒட்டினா சில வருஷத்துல மஞ்சளாகி படத்தையே தின்னுடும்.

இப்ப தம்பி. பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு தப்பு பண்ணேன். ஒரு பெரியவர் மெஷினை நிறுத்தச் சொல்லிட்டு சொன்னதை, வரலாறு காணாமப் போயிடக் கூடாதேன்னு, வீட்டுக்கு வந்து குறிப்பா எழுதி கோப்புல வச்சேன். அவர் போன பிறகு அவர் மகள் வந்து கோப்பைக் கேட்டாங்க, படிச்சாங்க, எதுவும் பேசாம மூடி வச்சுட்டுப் போயிட்டாங்க, அதுக்கப்புறம் என் போனை எடுக்கவே இல்ல. அந்த மூடின கோப்பு எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. பாப்ச்யா போனை ஆஃப் பண்ணச் சொன்னாங்க. அது அவங்க முடிவு, 90 வயசுக்கு மேல தெளிவா இருந்து எடுத்த முடிவு. அதனால எப்படி நடந்துச்சுங்கிறதை எழுதாதீங்க, அத்தைகிட்டயும் அதை நீங்களா போய்ச் சொல்லாதீங்க. ஆனா தம்பின்னு ஒருத்தன் இருந்தான், அவன் பேர் இது, 1941 குளிர்காலத்துல தெக்கே போற வழியில இறந்தான், வயசு 4ன்னு குடும்ப மரத்துல கட்டாயம் எழுதுங்க. அந்தக் குழந்தைக்கு கல்லறை இல்ல, ஒரு ரெஜிஸ்டர்லயாவது பேர் இருக்கான்னும் தெரியாது, நீங்க எழுதுறது ஒண்ணுதான் இருக்கும். மிச்சத்தை உங்ககிட்டயே வச்சுக்கோங்க. பாரமா இருக்கும், தெரியும். தாங்கலைன்னா பங்குச் சாமியார்கிட்டயோ ஒரு கவுன்சிலர்கிட்டயோ பேசுங்க, எழுத்துல இறக்கி வைக்காதீங்க.

கடைசியா, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்துக்கு மேசையில எதிர்பாராம வர்ற விருந்தாளிக்குன்னு ஒரு தட்டு காலியா வைக்கிறது போலிஷ் வீடுகள்ல வழக்கம். பாப்ச்யா ரெண்டு தட்டு வைப்பாங்க, ஏன்னு யாரும் கேட்டதில்லன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு யூகம் இருக்கு, சொல்ல மாட்டேன். நவம்பர் 1ஆம் தேதி எல்லாரும் கல்லறைக்கு விளக்கு வைக்கப் போவீங்கல்ல, நம்ம ஊர் கல்லறைத் திருநாள் மாதிரிதான், அன்னிக்கு அத்தை கூட நடந்து போங்க, நோட்டு வேண்டாம், போனை எடுக்க வேண்டாம், அந்த ரெண்டாவது தட்டு எப்ப இருந்து வச்சாங்க அத்தைன்னு மட்டும் கேளுங்க. அவங்க அறுபது எழுபது வருஷமா அந்தத் தட்டைப் பாத்துட்டு இருக்காங்க. அவங்க பேசினா அந்த அத்தியாயத்தை அவங்க பேர் போட்டு அவங்களே எழுதட்டும். பேசலைன்னா, ரெண்டு தட்டு வைப்பாங்கன்னு மட்டும் எழுதி விட்டுடுங்க.

அப்புறம் அந்த சாரணர் போட்டோவோட பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, மூலையில ஸ்டூடியோ முத்திரை மாதிரி மங்கலா ஏதோ தெரியுது. கோல்ஹாப்பூர்னு இருந்தா அந்த முகாம் பத்தி மேல தேட இன்னும் ரெண்டு இடம் சொல்றேன்.